கடைக்கு வராத வீடியோ கேம்கள் எங்கே போகின்றன?

சூப்பர் நின்டெண்டோ என்ற, டிவியில் இணைத்து விளையாடும் பெட்டிக்காக 1995-ல் ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’ என்றொரு கேம் தயாராகிக்கொண்டிருந்தது. விண்கலத்தில் பறந்து எதிரிகளைச் சுடுகிற கேம். ஜப்பானின் நின்டெண்டோவும் இங்கிலாந்தின் ஆர்கொனாட் நிறுவனத்திலிருந்து போன புரோகிராமர்களும் சேர்ந்து செய்தது. வேலை முடிந்தது, சோதனையும் முடிந்தது, பத்திரிகைகளில் படங்கள்கூட வந்துவிட்டன. அப்புறம் மேலிடத்தில் நிறுத்திவிட்டார்கள். கேமில் ஒரு குறையும் இல்லை. சோனியின் பிளேஸ்டேஷனும் சேகாவின் சாட்டர்னும் கடைக்கு வந்துவிட்டன, நின்டெண்டோவின் அடுத்த பெட்டியும் வரவிருந்தது. பழைய பெட்டியின் கரடுமுரடான முப்பரிமாணப் படங்களை அவற்றோடு வைத்து யாரும் ஒப்பிட்டுப் பேசிவிடக் கூடாது என்று நினைத்தார்கள்.

அந்த கேம் முறைப்படி வெளிவந்தது 2017 செப்டம்பரில். பழைய கேம்கள் 21-ஐ ஒரு குட்டிப் பெட்டிக்குள் அடைத்து நின்டெண்டோ விற்றபோது, அதில் ஒன்றாக இதையும் வைத்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே அரைகுறையான சோதனைப் பிரதிகள் இணையத்தில் கசிந்து, ரசிகர்கள் அவற்றைத் தட்டி நிமிர்த்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு கதை.

இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த கேம் எங்கே இருந்தது, யாரிடம் இருந்தது, எப்படி அழியாமல் தப்பியது? வெளிவராத கேம்களைப் பாதுகாக்கிறவர்கள் ஒவ்வொரு கேமைப் பற்றியும் கேட்பது இதைத்தான். ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’-க்குப் பின்னால் ஒரு பெரிய கம்பெனியும் அதன் கோப்பறையும் இருந்தன. பெரும்பாலான கேம்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வெளிநாட்டு பையர் ஒரு டி-சர்ட்டுக்கு முழு ஆர்டரை உறுதி செய்வதற்கு முன்னால் புரோட்டோ சாம்பிள் போகும், ஃபிட் சாம்பிள் போகும், சைஸ் செட் போகும். கடைசியாக பிபி சாம்பிள், அதாவது உற்பத்திக்கு முந்தைய சாம்பிள், ஓகே ஆன பிறகுதான் கட்டிங் போடுவார்கள். நடுவில் எங்காவது பையர் கையை விரித்துவிட்டால் ஆர்டர் கேன்சல். ஆனால் அதுவரை தைத்த சாம்பிள்கள் எங்கேயும் ஓடிப்போய்விடுவதில்லை. ஒன்று சாம்பிள் ரூம் பீரோவில் கிடக்கும். ஒன்றை மெர்ச்சண்டைசர் வீட்டுக்கு எடுத்துப்போய் மகனுக்குப் போட்டுவிட்டிருப்பார். தைத்து முடித்த சரக்காக இருந்தால் காதர்பேட்டை துணிச் சந்தையில் விலை பேசிக் கைமாற்றியிருப்பார்கள். கேம்களுக்கும் இதே நிலைமைதான். ஒரே வித்தியாசம், பீரோவில் கிடக்கும் டி-சர்ட்டை இருபது வருஷம் கழித்தும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கேம் சும்மா கிடந்தாலே செத்துப்போகும். ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

கேம் செய்கிறவர்கள் வேலை நடக்க நடக்க, ஓடிப் பார்க்கக்கூடிய ஒரு பிரதியை அவ்வப்போது எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதுதான் பில்ட். ஒரு கேமுக்கு நூற்றுக்கணக்கான பில்ட் இருக்கலாம். மேலதிகாரிக்குக் காட்ட ஒன்று, கண்காட்சிக்கு ஒன்று, தவறு தேடுகிற சோதனைக் குழுவுக்குத் தினம் ஒன்று, பத்திரிகை விமர்சகர்களுக்கு ஒன்று. இப்படி ஏதோ ஒரு கட்டத்தில் எடுத்த பிரதி ஒரு கேசட்டிலோ சிடியிலோ தங்கிவிட்டால் அதை ப்ரோட்டோடைப் என்கிறார்கள். வெளிவராத கேம் ஒன்று இன்று நம் கைக்குக் கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் இப்படித் தங்கிப்போன ஒரு பிரதி கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

வெளிவராதது என்பதிலும் பல தினுசு உண்டு. ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’ மாதிரி முழுசாக முடிந்து நின்றது ஒரு வகை. ஒரு நாட்டில் வந்து இன்னொரு நாட்டுக்கு வராமல் போனது இன்னொரு வகை. ஜப்பானில் 1989-ல் வந்த ‘மதர்’ கேமை 1990-ல் ஆங்கிலத்தில் முழுவதும் மொழிபெயர்த்து முடித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். 1998-ல் அந்த ஆங்கிலப் பிரதியின் சோதனைக் கேசட் ஒன்று வெளியே தலைகாட்டியபோது, யாரோ ரசிகர்கள் செய்த போலி என்றே பலர் சொன்னார்கள். அது நிஜம்தான். 2015-ல் நின்டெண்டோவே அதை முறைப்படி வெளியிட்டது. அப்புறம், கேம் வந்திருக்கும், ஆனால் அதன் முந்தைய உருவம் மட்டும் காணாமல் போயிருக்கும். அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பணம் தீர்ந்துபோகும், பெட்டியின் காலம் முடிந்துபோகும், கம்பெனி கைமாறும். 2012-ல் லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கியது, 2013-ல் அதன் கேம் பிரிவை மூடியது, ‘ஸ்டார் வார்ஸ் 1313’ அதோடு போயிற்று. ‘த்ரில் கில்’ என்ற சண்டை கேம் 1998-ல் ஏறக்குறைய முடிந்த நிலையில் இருந்தது. அதைச் செய்வித்த கம்பெனியை வாங்கிய இஏ (எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) என்ற பெரிய கேம் நிறுவனம், இவ்வளவு ரத்தக்களரி நமக்கு வேண்டாம் என்று ஓரங்கட்டிவிட்டது. அது பின்னால் திருட்டு சிடியாக உலகம் சுற்றியது.

கேம்கள் பிழைக்கும் வழிகள்தான் சுவாரசியமானவை. எனக்குப் பிடித்த உதாரணம் ‘டெசர்ட் பஸ்’.

அமெரிக்காவில் பென், டெல்லர் என்று இரண்டு மேஜிக் கலைஞர்கள். அவர்கள் பெயரில் சேகா சிடி பெட்டிக்காக 1995 வாக்கில் ஒரு கேம் தொகுப்பு தயாரானது. நண்பர்களை ஏமாற்றுவதற்கான குறும்பு கேம்கள். அதில் ஒன்று ‘டெசர்ட் பஸ்’. அரிசோனாவின் டூசான் நகரத்திலிருந்து லாஸ் வேகாஸுக்குக் காலி பஸ்ஸை ஓட்ட வேண்டும். மணிக்கு 45 மைல் வேகத்துக்கு மேல் போகாது. பயணம் நிஜமாகவே 8 மணி நேரம். இடையில் நிறுத்தி வைக்க வழியில்லை. வண்டி மெதுவாக வலது பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் பட்டனை அழுத்தி வைத்துவிட்டுக் காப்பி போடப் போக முடியாது. ரோட்டை விட்டு இறங்கினால் வண்டியைக் கட்டி இழுத்து மறுபடி டூசானுக்கே கொண்டுபோவார்கள், அதுவும் உண்மையான நேரத்தில். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஒரே ஒரு பாயிண்ட். வீடியோ கேம்கள் வன்முறையைக் கற்றுக்கொடுக்கின்றன என்று அப்போது அங்கே ஒரே கூச்சல். அதற்குப் பதிலாக, நிஜ வாழ்க்கை மாதிரியே சலிப்பூட்டும் ஒரு கேமைச் செய்து நக்கலடித்தார்கள்.

அதை வெளியிடவிருந்த கம்பெனியான அப்சல்யூட் என்டர்டெயின்மென்ட் அதே காலத்தில் மூடப்பட்டது. தொகுப்பு கடைக்கு வரவில்லை. ஆனால் விமர்சனத்துக்காக முன்கூட்டியே அனுப்பிய ஒரு பிரதியை ஒருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். அது வெளிவராத கேம்களைத் தேடித் திரிந்த ஃபிராங்க் சிஃபால்டியின் கைக்கு வந்து, அவர் நடத்திய ‘லாஸ்ட் லெவல்ஸ்’ இணையதளம் வழியாக 2006-ல் எல்லோருக்கும் கிடைத்தது. 2007-ல் கனடாவைச் சேர்ந்த ஒரு நகைச்சுவைக் குழு, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்காக நிதி திரட்ட இந்த கேமை நாள்கணக்கில் விடாமல் ஓட்டிக்காட்டியது. அது வருஷா வருஷம் நடக்கும் நிகழ்ச்சி ஆகிவிட்டது. ஒரு விமர்சகர் தன் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்த சிடியையும் குப்பையில் போட்டிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

இன்னொரு வழி, நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வழி: திருட்டுக் கேசட். 90-களில் கோவையிலோ ஈரோட்டிலோ வளர்ந்தவர்களுக்கு ஒரிஜினல் நின்டெண்டோ என்று ஒன்று இருப்பதே தெரியாது. நமக்குத் தெரிந்தது அதைப் பார்த்துச் செய்த லிட்டில் மாஸ்டர், மீடியா பெட்டிகள்தான். மஞ்சள் கேசட்டில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும், உள்ளே உருப்படியாக ஏழெட்டு கேம் இருக்கும். கான்ட்ராவும் மாரியோவும் இருந்தால் போதும் என்று வாங்கிவருவோம். இந்தக் கேசட் தொழிலுக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை. சில சமயம் அது வரக்கூடாத இடத்திலிருந்தும் வந்தது. ‘சோனிக் 2’ கேமின் முடிக்கப்படாத 1992-ம் ஆண்டுப் பிரதி ஒன்று அப்படித்தான் வெளியேறி, ஆசியத் திருட்டுக் கேசட்டுகளில் புகுந்து, 1999-ல் ஒரு சீன இணையதளத்தில் ரசிகர் ஒருவரின் கண்ணில் பட்டது. வெளிவந்த கேமில் இல்லாத ‘ஹிடன் பேலஸ்’ என்ற கட்டம் அதில் இருந்தது. பத்திரிகைப் படங்களில் அதைப் பார்த்துவிட்டு, கேமில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஏழு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. ப்ரோட்டோடைப்களைத் திரட்டி வைக்கும் பெரிய இணையக் காப்பகம் ஒன்று அந்தக் கட்டத்தின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறது. 2021 மார்ச்சில் அந்த ‘ஹிடன் பேலஸ்’ காப்பகம் 700-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 2 ப்ரோட்டோடைப்களை ஒரே மூச்சில் வெளியிட்டது.

சரி, ஏன் சும்மா கிடந்தாலே செத்துப்போகும்?

கடையில் விற்கிற ஒரிஜினல் கேசட்டில் மாஸ்க் ரோம் என்ற சிப் இருக்கும். தகவல் அதன் கட்டமைப்பிலேயே ஃபேக்டரியில் பதிந்துவிடுகிறது, அதனால் அது சீக்கிரத்தில் அழியாது. ஆனால் அதைச் செய்ய ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்க வேண்டும். சோதனைப் பிரதிக்கு யார் அப்படிச் செலவழிப்பார்கள்? அதற்கு ஈப்ராம் என்ற வேறொரு சிப்பைப் பயன்படுத்தினார்கள். பார்த்தவுடன் அடையாளம் தெரியும்: முதுகில் சின்ன வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல், உள்ளே மெல்லிய கம்பிகளோடு சிலிக்கான் துண்டு மின்னுவது வெறும் கண்ணுக்கே தெரியும். பெரும்பாலும் ஜன்னல் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பேனாவில் கேமின் பெயரும் தேதியும் எழுதியிருப்பார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். 0 அல்லது 1 என்ற ஒரு துணுக்குத் தகவல்தான் பிட். ஒவ்வொரு பிட்டுக்கும், சுற்றிலும் மின்காப்பு உள்ள, எதனோடும் கம்பித் தொடர்பு இல்லாத ஒரு நுண்ணிய அறை இருக்கிறது. அதிக மின்னழுத்தம் கொடுத்து அதற்குள் எலெக்ட்ரான்களைத் தள்ளி அடைப்பார்கள். அடைத்திருந்தால் 0, காலியாக இருந்தால் 1. கரன்ட் போனாலும் எலெக்ட்ரான்கள் உள்ளேயே இருக்கும். அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டுமென்றால் ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளியைக் கால் மணி நேரம், இருபது நிமிஷம் காட்டுவார்கள், எல்லாம் வெளியேறிவிடும். கவனிக்க வேண்டிய விஷயம், வெயிலிலும் புற ஊதா இருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கும் சிப்பை நேர் வெயிலில் ஒரு வாரம் வைத்தாலே அழியக்கூடும் என்று தயாரிப்பாளர்களின் குறிப்பேடுகள் எச்சரித்தன. டியூப் லைட் வெளிச்சத்துக்கே மூன்று வருஷம்தான் கணக்கு. அந்த ஸ்டிக்கர் வெறும் லேபிள் இல்லை, மூடி. பழைய சிப் கையில் கிடைத்தவுடன் கண்ணாடியைப் பார்க்கும் ஆசையில் ஸ்டிக்கரை உரிப்பது மாதிரி முட்டாள்தனம் வேறில்லை.

ஸ்டிக்கர் பத்திரமாக இருந்தாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. அடைத்து வைத்த எலெக்ட்ரான்கள் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சூடு அதிகமானால் இன்னும் வேகமாகக் கசியும். தகரக் கூரைக்குக் கீழே அட்டாலியில் போட்டு வைத்த பெட்டியின் நிலைமையைக் கரூர், ஈரோட்டுக் கோடையை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 80-களிலும் 90-களிலும் எழுதிய சிப்புகளுக்கு இன்று முப்பது, நாற்பது வயது. ஒரு பிட் மாறினால் ஒரு பொம்மையின் நிறம் மாறலாம், அல்லது கேம் திறக்கவே திறக்காமல் போகலாம். எந்த பிட் மாறும் என்பது அதிர்ஷ்டம்.

அதனால் முதல் வேலை, சிப்பில் இருப்பதை அப்படியே ஒரு ஃபைலாகப் படித்து எடுத்துவிடுவது. இதை டம்ப் எடுப்பது என்பார்கள், கிடைக்கும் ஃபைலை ரோம் என்பார்கள். சிப்பைப் படிக்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். லேப்டாப் சர்வீஸ் செய்பவர்கள் பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும் அடிப்படை நிரல்) அடிக்க வைத்திருக்கும் யுஎஸ்பி புரோகிராமர் என்ற கருவி வகைதான். ஆனால் பல கடைகளில் இருக்கும் மலிவான சிஎச்341ஏ இதற்கு ஆகாது, அது எட்டுக் கால் சிப்புகளுக்கானது. ஈப்ராமுக்கு 28, 32, 40 என்று கால்கள் இருக்கும். டிஎல்866 மாதிரியான ஒன்று வேண்டும். சிப் போர்டில் சால்டர் ஆகியிருந்தால் பழகிய கை ஒன்று அதைப் பக்குவமாக எடுக்க வேண்டும், ஒரு கால் ஒடிந்தால் அப்புறம் வேலை இரட்டிப்பு. கோவையில் போர்டு வேலை செய்கிறவர்களில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு தடவை படித்தால் போதாது. இரண்டு, மூன்று தடவை படித்து ஒப்பிடுவார்கள். 0-க்கும் 1-க்கும் நடுவில் தள்ளாடும் பிட் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகப் பதில் சொல்லும், அதிலேயே அதன் சீக்கு தெரிந்துவிடும். ஒப்பிடுவதற்கு ஃபைலின் ஷா-1 கைரேகையை எடுப்பார்கள். எவ்வளவு பெரிய ஃபைலாக இருந்தாலும் அது 40 எழுத்து கொண்ட ஒரு குறியீடாகச் சுருங்கும். ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் குறியீடு முழுவதும் மாறிவிடும். இரண்டு பிரதி ஒன்றுதானா என்று உலகத்தின் இரு மூலையில் இருப்பவர்கள் ஃபைலையே அனுப்பாமல் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சிடியும் ஃபிளாப்பியும் கிடைத்தால் வழி கொஞ்சம் வேறு. எழுதும் சிடியில் தகவல் ஒரு சாயப் பூச்சில் இருக்கிறது, வெயிலும் சூடும் அதற்கும் ஆகாது. ஃபிளாப்பியைக் கம்ப்யூட்டரில் போட்டு ஃபைல்களைக் காப்பி செய்வதைவிட, கிரீஸ்வீசல் போன்ற கருவி வைத்துத் தட்டின் காந்த மாற்றங்களையே அப்படியே பதிவு செய்வதுதான் நல்லது. ஹார்ட் டிஸ்க் என்றால் அதிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்கவே கூடாது. முதலில் முழுப் பிரதி எடுத்துவிட்டு, பிரதியில்தான் கை வைக்க வேண்டும்.

ஃபைல் கிடைத்த பிறகு ஓட்டிப் பார்க்க எமுலேட்டர். பழைய பெட்டியின் நடத்தையை இன்றைய கம்ப்யூட்டரில் நடித்துக்காட்டும் மென்பொருள். கடைகளில் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரங்களுக்கான ‘மேம்’ 1997-லிருந்து வளர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்தது, கிடைத்தது நிஜமா போலியா என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வந்த படங்களோடு ஒப்பிடுவார்கள், நிரலுக்குள் ஒளிந்திருக்கும் தேதிகளைத் தேடுவார்கள். ‘பயோ ஃபோர்ஸ் ஏப்’ என்ற கேம் என்னிடம் இருக்கிறது என்று ஒருவர் கதை கட்டி எல்லோரையும் அலையவிட்டார். பிறகு 2010-ல் உண்மையான கேசட்டே ஏலத்துக்கு வந்தது. ரசிகர்கள் கூட்டாகப் பணம் போட்டு வாங்கி, அப்புறம் எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

கூட்டாகப் பணம் போட வேண்டியது ஏன் என்றால், இந்த உலகத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. தன்னிடம் மட்டும் இருக்கிறது என்பதிலேயே மதிப்பைப் பார்க்கும் சேகரிப்பாளர்கள். டம்ப் எடுத்து வெளியிட்டால் கேசட்டின் விலை விழுந்துவிடும் என்பது அவர்கள் பயம். சொந்தக் காசு போட்டு வாங்கியவரின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டகத்துக்குள்ளேயே சிப் கசிந்துகொண்டிருக்கிறது. ஒருநாள் அது வெறும் பிளாஸ்டிக் ஆகும், விலையும் போகும், கேமும் போகும். இரண்டு பேருக்கும் ஒத்துவரும் வழியும் உண்டு. நின்டெண்டோவின் எட்டு பிட் பெட்டிக்காகச் செய்து கைவிட்ட ‘சிம்சிட்டி’யின் இரண்டு கேசட்டுகள் 2017-ல் வெளிப்பட்டன. சிஃபால்டி அதே ஆண்டு தொடங்கிய வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன், உரியவரின் சம்மதத்தோடு டம்ப் எடுத்து, 2018 கடைசியில் அதை வெளியிட்டது. கேசட் சேகரிப்பாளரிடமே இருக்கிறது. கேம் எல்லோரிடமும் இருக்கிறது.

என் தங்கை மகன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். இதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஏனுங் மாமா, நல்லா இல்லைன்னுதான நிறுத்தியிருப்பாங்க? அதைப் போயி எதுக்குங்க தூக்கிச் சுமக்கோணும்?” என்றான். நியாயமான கேள்வி. வெளிவராத கேம்களில் பெரும்பாலானவை சுமார்தான், ஒளித்து வைத்த பொக்கிஷம் என்று ரசிகர்கள் கட்டும் கதைகளை நான் நம்புவதில்லை. ஆனால் ஒரு கேம் எப்படி உருவானது என்பதை முடிந்த சரக்கு காட்டாது. ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’-ல் விண்கலம் எந்தத் திசையிலும் சுதந்திரமாகத் திரும்பிச் சண்டை போடும். அந்த யோசனை அடுத்து வந்த ‘ஸ்டார் ஃபாக்ஸ் 64’-க்குப் போனது. நடுவில் இருந்த கேம் கிடைக்காத வரை, அந்த யோசனை திடீரென்று முளைத்ததாகத்தான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அதோடு, ஒரு குழு வருஷக்கணக்கில் செய்த வேலைக்கு அந்த பில்ட் ஒன்றுதான் சாட்சி.

இனி சட்டம். கேம் வெளிவராவிட்டாலும் உரிமை உரிமையாளருக்குத்தான். ‘கேட்பாரற்ற மென்பொருள்’ என்று இணையத்தில் சொல்லிக்கொள்வது சட்டத்தில் ஒரு வகையே கிடையாது. நம் நாட்டின் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்துக் காக்கிறது. முறைப்படி ஒரு பிரதி வைத்திருப்பவர் சேதத்துக்கு எதிராகக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம், அதை ஊருக்கெல்லாம் விநியோகிப்பது வேறு விஷயம். வெளிவந்த கேம்களுக்கே நிலைமை மோசம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த பழைய கேம்களில் 87 சதவீதத்தை இன்று முறைப்படி வாங்க வழியில்லை என்று மேலே சொன்ன ஃபவுண்டேஷனின் 2023-ம் ஆண்டு ஆய்வு சொன்னது. நூலகங்கள் ஆய்வாளர்களுக்கு வீட்டிலிருந்தே அவற்றைத் திறந்து பார்க்க அனுமதிக்கலாமா என்ற கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்தது. கேம் ஆராய்ச்சியாளர் இன்னமும் பெட்டி படுக்கையோடு நூலகத்துக்குத்தான் போக வேண்டும்.

திருடி வெளியிடுவது இன்னொரு சிக்கல். 2020 ஜூலையில் நின்டெண்டோவின் உள்கோப்புகள் பெருமளவில் இணையத்தில் கொட்டின. பழைய கேம்களின் சோர்ஸ் கோட் (புரோகிராமர்கள் எழுதிய மூல நிரல்), கைவிட்ட படங்கள் என்று எல்லாம். வரலாறு தேடுகிறவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும் சரக்கு. ஆனால் உள்ளே புகுந்து திருடிய கோப்பை எந்த அருங்காட்சியகமும் தொட முடியாது. விமர்சகர் வீட்டு அலமாரியிலிருந்து வரும் சிடிக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இப்படி நடந்தால் கம்பெனிகள் அடுத்த தடவை கோப்புகளை அழித்துவிட்டே போவார்கள்.

இன்றைய கேம்களை நினைத்தால் எனக்கு இன்னும் கவலை. இப்போது விமர்சகருக்கு கேசட் வருவதில்லை, கேமை இறக்கிக்கொள்ளும் ஒரு குறியீடு வருகிறது. கேம் ரத்தானால் குறியீடும் செத்தது. சேகா 2023 செப்டம்பரில் ‘ஹைனாஸ்’ என்ற கேமை ரத்து செய்தது. பொதுமக்கள் சோதித்துப் பார்க்கும் பீட்டா கட்டம் வரை வந்துவிட்ட கேம் அது. ஆன்லைனில் பலர் சேர்ந்து விளையாடுவது. யாராவது தன் கம்ப்யூட்டரில் பாதியை வைத்திருந்தாலும், மறுபாதி கம்பெனி சர்வரில். அதை நிறுத்தினால் எந்தச் சால்டரிங் கையும் மீட்டுத்தர முடியாது.

கொங்குப் பக்கமும் இதற்கு வெளியே இல்லை. கோவையில் கேம் செய்கிற சின்னச் சின்ன கம்பெனிகள் இருக்கின்றன, வெளிநாட்டுக்காரர்களுக்காகப் படம் வரைந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் இருக்கும், அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் காலேஜ் புராஜெக்ட்டாகச் செய்ததும், நாலு நண்பர்கள் சேர்ந்து தொடங்கிப் பாதியில் விட்டதும் நம்முடையவைதானே? தங்கை மகனும் அவன் கூட்டாளிகளும் ரேக்ளா பந்தயத்தை வைத்து ஒரு கேம் தொடங்கினார்கள். காளை வளைவில் திரும்பும்போதெல்லாம் வண்டி தனியாகப் பறந்துபோகும். செமஸ்டர் முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஓடுகிற பில்ட் பெருந்துறையில் இருக்கும் ஒருவனின் லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது, அவன் அந்த லேப்டாப்பை விற்கப் பார்க்கிறான்.

அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஓடுகிற பில்ட் தனி, சோர்ஸ் கோடும் படங்களும் ஒலியும் தனி. இரண்டையும் எடுத்து வைக்க வேண்டும். பில்ட் மட்டும் இருந்தால் விளையாடலாம், திறந்து பார்க்க முடியாது. சோர்ஸ் மட்டும் இருந்தால் பத்து வருஷம் கழித்து அதை ஓட்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். எந்த எஞ்சினில் (கேம் உருவாக்கும் மென்பொருளில்) செய்தது, அதன் சரியான பதிப்பு எண் என்ன என்று எழுத வேண்டும். யூனிட்டி என்ற எஞ்சினில் செய்ததை நாலைந்து பதிப்பு தாண்டித் திறந்தால் பாதி விஷயம் உடைந்து நிற்கும். விளையாடுவதை ஐந்து நிமிஷம் வீடியோவாகப் பிடித்து வைப்பது நல்லது, எல்லாம் போனாலும் அது மிஞ்சும். இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். கூடவே ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் யார் யார் என்ன வேலை செய்தார்கள், எந்த வருஷம், ஏன் நிறுத்தினீர்கள் என்று நாலு வரி. தமிழிலேயே எழுதலாம், ஃபைலை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்தால் போதும்.